அடியிலிருந்து கண்ட விமானங்கள்

(ஊர்காவற்றுறையில் ஆற்றிய சொற்பொழிவு)



போர் விமானங்களின் மாதிரிகளைப் பெரிய அளவிற் கட்டும் கலையும், அவ் விமானங்களின் மெய்யுருவைப் பற்றி நம்மவர் நெஞ்சிற் பதிந்து கிடக்கும் ஞாபகங்களும் என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள். பொருளைக் கேட்ட மாத்திரத்தே உங்களுட் சிலர் முகஞ் சுளித்திருப்பீர்கள். “எங்களைக் கொன்ற யந்திரத்துக்குப் பொம்மை செய்து சோடித்து வைக்கிறீரோ, வாத்தியார்?” என்று ஒரு மூதாட்டி என் வீட்டு முற்றத்தில் நின்று, நான் சிறகுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த வேளையிலேயே, வினவிவிட்டார். அக் கேள்வியை ஒதுக்கிவிட்டு இங்கே இரண்டு நாழிகை பேசுவது முறையன்று. ஆகையால் இச் சொற்பொழிவு முழுவதையும் அந்த அம்மையாருக்கு அளிக்கும் விடையாகவே அமைத்துக்கொள்கிறேன். அவரும் முன்வரிசையிலே அமர்ந்திருக்கிறார்.

முதலில் இக் கலை யாதென்று சொல்லிவிடுகிறேன். மெய்யான விமானம் ஒன்றின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் ஒரே விகிதத்தாற் சுருக்கி, அதன் தோற்றத்தை இம்மியும் பிசகாமல் மரத்தாலோ பிளாஸ்ரிக்காலோ மறுபடி படைப்பதே மாதிரி விமானக் கலை. விகிதம் 1/72 என்றால், மெய் விமானத்தின் 72 அங்குலம் மாதிரியில் ஓர் அங்குலமாகும். கடைகளிற் பெட்டியில் அடைத்து விற்கப்படுவனவற்றுட் பெரும்பாலானவை 1/72, 1/48 என்னும் விகிதங்களில் அமைந்தவை. 1/32உம் 1/24உம் பெரிய அளவுகள். பிரித்தானியாவின் எயார்பிக்ஸ் கம்பனி ஸ்பிற்பயர் விமானத்தை 1/24 அளவில் வெளியிட்டது 1970ஆம் ஆண்டில். அதற்கும் அப்பாற் சென்று 1/10, 1/5, 1/4 என்று மரச்சட்டம் கட்டி, சிறு யந்திரம் பூட்டி, வானொலி அலையாற் செலுத்திப் பறக்கவிடுவோரும் உலகெங்கும் உளர்.

சிறிய அளவு இருக்கப் பெரிய அளவு எதற்கு? கிபீர் என்னும் போர் விமானத்தின் நீளம் 15.65 மீற்றர். அதை 1/72 அளவிற் செய்தால் ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர் வரும், உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ள முடிவதாலேயே அதை ஒரு விளையாட்டுப் பொருளென்று மனம் எண்ணிவிடும். அதையே 1/10 அளவிற் செய்தாலோ ஒன்றரை மீற்றருக்கு மேற் போகும். பத்து வயதுச் சிறுவனின் உயரத்தைத் தாண்டிவிடும். ஆணியின் தலை, தகட்டின் மடிப்பு, சக்கரம் மடங்கும் குழி, குண்டு தொங்கும் கொக்கி ஆகிய அனைத்தையும் அந்த அளவிற் செய்தே தீரவேண்டும். சிறிய மாதிரியிலே ஒரு துளி வர்ணத்தால் மறைத்துவிடத்தக்க அறியாமையைப் பெரிய மாதிரி சபையிலே காட்டிக்கொடுத்துவிடும்.

இதோ, மேசைமேல் இருப்பதைப் பாருங்கள். நம் ஊரார் சியாமாசெட்டி என்று அழைத்த விமானம் இதுவே. சியாய் மார்க்கெற்றி என்னும் இத்தாலியக் கம்பனியின் பெயர் நம் நாவில் அவ்வாறு செட்டியாராகிவிட்டது. ஸ்ரெலியோ பிராற்றி என்னும் இத்தாலிய நிபுணர் வரைந்த எஸ்.எவ். 260 இது, ஒற்றை யந்திரம், 260 குதிரைவலு, சிறகின் அகலம் 8.35 மீற்றர். மாணவ விமானிகள் வானிற் பழகுவதற்காகப் பிறந்த இச் சிறு விமானத்துக்குப் பின்னர் குண்டும் றொக்கற்றும் சுமக்கும் கொக்கிகளைப் பூட்டினார்கள். 1985ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்தது. சிறகின் இரு நுனிகளிலும் நீண்டு தோன்றுகின்றனவே, இவை என்ன? கீழிருந்து பார்த்தவர்களுட் பலர் இன்றைக்கும் குண்டுகள் என்றே சொல்வார்கள். அவை எரிபொருட் கலங்கள். மூக்கிலிருந்து வால் வரையில் ஓடும் இக் கோட்டின் வளைவைக் கவனியுங்கள். இதை அழகென்று சொல்ல நா கூசுகிறது. ஆயினும் கையால் இழைத்து இழைத்து அவ் வளைவைப் பிடித்த ஒருவன் அது அழகற்றதென்று சொன்னால் அது பொய்யாகும். அவ்வளவு அழகிய வடிவத்தை அந்தத் தொழிலுக்கு அனுப்பினார்களே என்ற வருத்தந்தான் இதைக் கட்டும்போது எனக்கு மேலிட்டது.

இனி என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். உலகத்திலே மாதிரி விமானம் கட்டுவோரிற் பெரும்பாலார் விமானத்தை எங்கேயிருந்து பார்க்கின்றனர்? பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் பார்க்கின்றனர். விமானியின் இருக்கையிலே கடிகாரமுட்களைக்கூட வரைகின்றனர்; முதுகுப்புறத்திலே மூன்று நான்கு வர்ணங்களை மேகம்போலப் படரவிடுகின்றனர்; பின்பு அதைக் கண்ணாடிப் பேழையிலே சக்கரத்தில் நிறுத்திவைக்கின்றனர். அடிவயிறு மேசையைப் பார்த்துக் கிடக்கிறது. அங்கே ஒரு வர்ணத்தை ஒருமுறை பூசியதோடு பலர் கைகழுவிவிடுகின்றனர். காண்பார் எவருமில்லை அல்லவா?

ஆனால் நாம் எங்கேயிருந்து பார்த்தோம்? நாம் அடியிலிருந்து பார்த்தோம். பனங்கூடலுக்குள் நின்று, ஓலைகளின் இடைவெளியூடே, அடியிலிருந்து பார்த்தோம். வயற்கிணற்றின் கட்டோடு ஒட்டிப் படுத்து, அடியிலிருந்து பார்த்தோம். பங்கருக்குள் இறங்குமுன் கடைசிப் படியிலே திரும்பி, அடியிலிருந்து பார்த்தோம். விமானியின் முகத்தையோ முதுகின் வர்ணத்தையோ நாம் கண்டதில்லை. நமக்கு விமானம் என்பதே அதன் வயிறுதான். உலகத்தின் மாதிரிக் கலைஞர்கள் விட்டுவைத்த பாதியைக் கண்ணாற் கண்ட சாட்சிகள் இம் மண்டபத்திலே இருக்கிறார்கள் என்றால் அது மிகையாகுமா?

அதுமட்டுமா? பார்ப்பதற்கு முன்னே நாம் கேட்டோம். பெல் 212 ஹெலிகொப்டரின் சுழலிக்கு இரண்டே இரண்டு தகடுகள். ஆதலால் அதன் ஓசை தடதடவென்று, அடி அடியாகப் பிரிந்து, நெடுந்தொலைவிலிருந்தே நெஞ்சில் வந்து விழும். அவ்ரோ விமானத்தின் டார்ட் யந்திரங்கள் கூரிய சீழ்க்கையோடு வரும். சீனாவின் வை-12 விமானத்தின் இரைச்சல் வேறு. பீப்பாய்க் குண்டை உருட்டித் தள்ளிய அவ்வகைப் பெரிய விமானங்களுக்குச் சகடையென்று பெயரிட்ட மேதை எவரென்று யார் அறிவார்! ஆறு வயதுப் பிள்ளை, கோலிக்குண்டை விரலிடுக்கில் வைத்தபடியே தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, “அது ஹெலி, இது பொம்மர்” என்று தீர்ப்புச் சொல்லும். எந்தப் பல்கலைக்கழகத்திலே அப் பிள்ளை பயின்றது?

ஓசை விஷயத்திலே ஒரு விந்தையும் உண்டு. 1,500 மீற்றர் உயரத்தில் வரும் விமானத்தின் ஓசை தரையை வந்தடைய நாலு விநாடிக்கு மேலாகும். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் ஜெற் விமானம் அந்நேரத்துக்குள் ஒரு கிலோமீற்றருக்கு மேற் கடந்துவிடும். ஆகவே ஓசை வந்த திசையை நோக்கினால் அங்கே வெறும் ஆகாயம். விமானம் முன்னாலே போய்விட்டிருக்கும். கேட்ட இடத்துக்கு முன்னே பார்க்கவேண்டும் என்ற பாடத்தை நம் பிள்ளைகள் பௌதிக நூலைத் திறக்குமுன்பே கற்றுக்கொண்டார்கள். கண்டபோதும் அது எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது? அந்த உயரத்தில் நேர் தலைக்கு மேலே வரும் கிபீரின் முழு நீளம், நம் கண்ணுக்குப் பூரணச் சந்திரனின் விட்டத்தைவிடச் சிறிதே கூடுதலாகத் தோன்றும். கணித ஆசிரியர்கள் வீட்டிற்குச் சென்று சரிபார்த்துக்கொள்ளலாம். ஓர் ஊரையே மண்ணுக்குள் இறக்கிய பயம் அவ்வளவிலேதான் இருந்தது.

அன்பர்களே, நம் ஆகாயத்திலே பறந்தவை எல்லாம் பயமாகவே வந்தனவா என்றால், இல்லை. இம் மண்டபத்திலே வைப்பதற்கு நான் முதன்முதலிற் கட்டியது குண்டுவீச்சு விமானமே ஆயினும், அது நம்மேற் குண்டு வீசியதன்று. இரண்டாம் உலக யுத்தத்திலே பிரித்தானிய வான்படை இன்றைய பலாலியில் ஓடுபாதை அமைத்து, அதற்குக் காங்கேசன்துறை என்றே தன் ஏடுகளிற் பெயரிட்டது. 1944 ஆகஸ்ட் மாதத்திலே 160ஆம் அணியும், 1945 பெப்ரவரியிலே 203ஆம் அணியும் தம் லிபரேற்றர் விமானங்களோடு அங்கே வந்திறங்கின. நான்கு யந்திரங்கள், சிறகின் அகலம் 110 அடி, அமெரிக்காவிலே 18,000க்கும் மேலாகக் கட்டப்பட்ட விமானம். கடலுக்கு மேலே நெடுநேரம் சுற்றித் திரிந்து நீர்மூழ்கிகளைத் தேடுவது அவற்றின் முக்கியமான கடமைகளுள் ஒன்று. என்னுடைய அப்பு களங்கண்டி வலைக்குப் போகும்போது அவற்றைக் கண்டதாகச் சொல்வார். அவர் கைவிரல்களை விரித்து நான்கு யந்திரங்களையும் காட்டும் விதத்தைப் பார்த்தே எனக்கு விமானத்தின்மேல் ஆசை பிறந்தது. அதோ, 1/16 அளவிலே, இரண்டு மீற்றருக்குச் சற்றே கூடிய சிறகோடு, அப்புவின் லிபரேற்றர் நிற்கிறது.

அதன் அருகில் நிற்பது டக்கோட்டா. படைகளையும் பண்டங்களையும் சுமந்து அதே யுத்தத்திற் பிழைத்து, சமாதானத்திலே பயணிகளை ஏற்றிய விமானம். 1947 டிசம்பர் 10ஆந் திகதி, எயார் சிலோனின் முதலாவது பயணம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறையில் இறங்கிச் சென்னைக்குச் சென்றது. சுதந்திரத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னமே, நமது மண் ஆகாய வழியில் ஒரு துறையாகிவிட்டது! போர் ஓடுபாதை ஊரார் ஓடுபாதையாயிற்று. பின்பு மறுபடியும் போர் ஓடுபாதையாயிற்று. 2019 ஒக்ரோபர் 17ஆந் திகதி சர்வதேச விமான நிலையமென்று திறக்கப்பட்டுச் சென்னைக்கு மீண்டும் வழி விட்டது.

1987 யூன் 4ஆந் திகதியை மறந்தவர் உளரோ? அதற்கு முந்தின நாள் இந்தியாவிலிருந்து நிவாரணப் பொருள்களோடு வந்த படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பியனுப்பிற்று. மறுநாட் பிற்பகல் பெங்களூரிலிருந்து ஐந்து அன்ரனோவ்-32 விமானங்கள், மிராஜ் 2000 போர் விமானங்கள் காவலாக வர, கடலைத் தாண்டி யாழ்ப்பாணத்தின்மேல் நிவாரண மூட்டைகளைக் குடை விரித்து இறக்கின. அந்த நடவடிக்கைக்குப் பூமாலையென்று பெயர். விமான ஓசை கேட்டுப் பங்கருக்குள் ஓடிய சனம், வானத்திலே குடைகள் விரிவதைக் கண்டு வெளியே வந்தது. அன்று ஒருநாள் மட்டும் அடியிலிருந்து பார்த்த நமக்கு விமானத்தின் வயிறு வேறொன்றாகத் தோன்றியது. அதற்குப் பின் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் நான் இறங்கப்போவதில்லை.

1990, 1991ஆம் ஆண்டுகளிலே போரினால் தீவக மக்களிற் பெரும்பாலோர் வீடு வாசல்களை விட்டுப் பரவைக்கடல் தாண்டினார்கள். ஆகவே தீவகத்தாரின் விமான ஞாபகம் இரண்டு பாகங்களாகப் பிளந்து கிடக்கிறது. சியாமாசெட்டியையும் ஹெலியையும் சகடையையும் நாம் நம் சொந்த முற்றத்திலிருந்து கண்டோம். சீனாவிலிருந்து 1991இல் வந்து சுப்பர்சொனிக் என்று பெயர் பெற்ற எப்-7ஐயும், ஆர்ஜென்ரீனாவிலிருந்து வந்த புக்காராவையும், 1996இல் இஸ்ரவேலிலிருந்து வந்த கிபீரையும், 2000ஆம் ஆண்டிலே வந்த மிக்-27ஐயும் பிறர் முற்றத்திலே, அகதிகளாக, வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் வன்னியிலும் கண்டோம். வேலணைப் பிள்ளை ஒன்றுக்கு உலகப் படத்தை விரித்துக் காட்டினால், இத்தாலியையும் சீனத்தையும் ஆர்ஜென்ரீனாவையும் அது விமானத்தாலேயே அடையாளங் கண்டது.

1995 யூலை 9ஆந் திகதி நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்திலும் அதன் சுற்றாடலிலும் தஞ்சமடைந்திருந்தவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் குண்டுவீச்சில் மடிந்தனர். அன்று வந்தது புக்காராவென்று கண்டவர்கள் சொல்வர். இதைச் சொல்லும் வாயால் மற்றதையும் சொல்லவேண்டும். அதே ஆண்டு ஏப்ரல் 28ஆந் திகதியும் 29ஆந் திகதியும் பலாலிக்கருகில் இரண்டு அவ்ரோக்கள் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டன; அவற்றுள்ளே மாண்டவர்களும் ஒருதாய் பெற்ற பிள்ளைகளே. 1998 செப்ரெம்பர் 29ஆந் திகதி பலாலியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்ரனோவ்-24, 55 பேரோடு கடலில் வீழ்ந்தது. அவர்களிற் பெரும்பாலோர் நம்மவர், கொழும்பிலே அலுவல் பார்க்கப் புறப்பட்டவர்கள். மாதிரி விமானங்களை வரிசையாக வைக்கும் ஒரு கூடம் உண்மையான கூடமாக இருக்கவேண்டுமானால், இவற்றுள் எதையும் விட்டுவைக்க முடியாது. பிடித்ததை மட்டும் கட்டுவது பொழுதுபோக்கு. அதற்கு இத்தனை பெரியோர்களை அழைத்திருக்க வேண்டியதில்லை.

எப்படி வைப்பது? இங்கேதான் எனக்கொரு யோசனை. பேழைக்குள் நிறுத்தாதீர்கள், தொங்கவிடுங்கள். ஆனால் கணக்கோடு தொங்கவிடுங்கள். இம் மண்டபத்தின் கூரை ஏறக்குறைய ஆறு மீற்றர் உயரம். 1/10 மாதிரியை அங்கே தொங்கவிட்டால், கீழே தரையிற் படுத்துப் பார்ப்பவன் கண்ணுக்கு அது 60 மீற்றர் உயரத்திற் பறக்கும் மெய் விமானத்துக்குச் சமம். 1/32 மாதிரி 192 மீற்றருக்குச் சமம். 1/72 மாதிரி 432 மீற்றருக்குச் சமம். 1,500 மீற்றர் உயரத்துத் தோற்றத்தைக் காட்டவேண்டுமாயின், 1/72 மாதிரியைக்கூட ஏறத்தாழ 21 மீற்றர் உயரத்திற் கட்டவேண்டும். அதற்கு மண்டபம் போதாது. நெடிய பனை வேண்டும். பனைக்கு இங்கே என்ன பஞ்சம்? பெரிய மாதிரியைக் கூடத்திலே தாழத் தொங்கவிட்டு, அதன் வயிற்றை எட்டித் தொட்டு, எந்தத் தகடு எங்கே மடிகிறது, எந்தக் கொக்கியில் எது தொங்கியது என்று பிள்ளைகள் அறியட்டும். சிறிய மாதிரியைப் பனையுச்சியிலே கட்டி, பெற்றோர் எதைக் கண்டு ஓடினார்களென்று அதே பிள்ளைகள் அண்ணாந்து காணட்டும்.

கட்டும் வல்லமை நமக்குண்டோ என்று ஐயுறுவோர் இருப்பின், அவர்களை வள்ளங் கட்டும் நம் ஓடாவிமாரிடம் அனுப்புவேன். விமானத்தின் உடல் என்பது யாது? ஏராவென்னும் அடிமரத்தை வைத்து, வங்குகளென்னும் விலாச்சட்டங்களை இடைவெளி பிசகாமல் நிறுத்தி, அவற்றின்மேல் நீளச் சட்டங்களை ஓட்டி, வெளியே தோல் போர்த்துவது. வள்ளம் கட்டுகிறவன் கையிலே அது இரத்தத்தோடு கலந்த வித்தை. எனது லிபரேற்றரின் வங்குகளை வெட்டித்தந்தவர் வாழ்நாளில் விமானமேறாத ஓர் ஓடாவி. மூக்கைப் பார்த்து, “அணியம் கொஞ்சம் மொட்டை” என்றார். வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரியாயிருந்தது! காரைநகர்ச் சீநோர் தளத்தைப்போன்ற இடங்களிலே பைபர்கிளாஸ் படகு வார்க்கப் பழகியவர்கள் நம்மிடையே உளர். அச்செடுத்து விமானத்தின் உடலை வார்ப்பது அவர்களுக்கு ஒரு பிற்பகல் வேலை. உலகத்தார் தென்னமெரிக்காவின் பால்சா மரத்தைத் தேடுகிறார்கள். அது கிடைக்காதபோது நம் வேலியிலே நிற்கும் முள்முருக்கு இருக்கிறது, மிருதுவானது, இலேசானது. வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே தைப்பொங்கலன்று ஏற்றப்படும் பட்டங்களைக் கண்டிருக்கிறீர்களா? கப்பலையும் விமானத்தையும் மூங்கிற் சிலாகையிலும் தாளிலும் கட்டிக் காற்றில் ஏற்றும் இளைஞர்களுக்கு, அசையாமல் நிற்கும் ஒரு மாதிரியைக் கட்டுவது எம்மாத்திரம்?

அம்மா, முன்வரிசையில் இருக்கும் உங்களுக்கு இப்போது விடை சொல்கிறேன். நான் இதைச் சோடிக்கவில்லை. நீங்கள் கண்டது எது, எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது, எப்படி இங்கு வந்தது என்று உங்கள் பேரப்பிள்ளை கேட்கும்போது, “ஏதோ பிளேன்” என்று சொல்லி முடித்துவிடலாகாது என்பதற்காகவே கட்டுகிறேன். குண்டு வீசியவன் கையிலே வரைபடமும் நாட்குறிப்பும் இருந்தன. குண்டு விழுந்த முற்றத்தின் பக்கத்திலே எழுதப்பட்டது மிகச் சொற்பம். அந்தப் பக்கத்தை மரத்தாலே எழுதுகிறேன் என்று கொள்ளுங்கள். நீங்கள் கோபித்தது நியாயம். கோபத்தோடேயே வந்து பாருங்கள். வர்ணம் தவறென்றால் தவறென்று சொல்லுங்கள்.

அடுத்து நான் கட்டத் தொடங்குவது வை-12, 1/10 அளவில். சிறகின் அகலம் 1.72 மீற்றர் வரும். கம்பனியின் அளவுகள் என்னிடம் உண்டு, அவை போதா. பீப்பாயைத் தள்ளும்போது கதவு எந்தப் பக்கம் திறந்திருந்தது, வயிற்றிலே எண்ணெய்க் கறை எவ்வாறு ஓடியிருந்தது, எத்தனை தரம் வட்டமிட்டபின் தள்ளினார்கள் என்பவற்றைச் சொல்லத்தக்கவர்கள் இம் மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். வாசலுக்கருகே ஒரு மேசையும், அதன்மேல் ஒரு பெரிய கொப்பியும், இரண்டு மாணவர்களும் இருக்கிறார்கள். புறப்படுமுன் அங்கே சென்று, உங்கள் ஊர், ஆண்டு, கண்டது, கேட்டது ஆகிய நான்கையும் சொல்லிவிட்டுப் போங்கள். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் போகிறவர்கள் குறிகட்டுவானில் வள்ளத்தைப் பிடிக்கவேண்டும். அவர்களுக்கு முதலில் இடம் விடுங்கள்.